பாரம் நீங்கிய பூமி

துருவப் பனி உருகினால் கடல் மட்டம் உயரும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி. அந்தப் பனியின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அமுங்கிக் கிடந்த பாறைகள், பாரம் நீங்கியதும் என்ன செய்யும் என்ற கேள்வியோ, ஆராய்ச்சிக்கூடங்களின் வாயிலைத் தாண்டி இப்போதுதான் பொதுமக்களின் பேச்சுக்கு வந்திருக்கிறது.

1958-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, இரவு பத்தே கால் மணி. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் அந்தப் பருவத்தில் அந்த நேரத்திலும் வெளிச்சம் முற்றிலும் அணைந்துவிடுவதில்லையாதலால், லிட்டூயா என்னும் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த மூன்று மீன்பிடிப் படகுகளிலும் இருந்தவர்கள், அடுத்த சில நிமிஷங்களில் நடந்தவற்றைக் கண்ணாரக் காணும்படி நேர்ந்தது. ஒரு படகில் ஒரு தகப்பனாரும் அவருடைய சின்னஞ்சிறு மகனும் இருந்தார்கள். படகு முரட்டுத்தனமாக ஆடவே விழித்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்த தகப்பனார், விரிகுடாவின் தலைமாட்டில் நிற்கும் பனிமூடிய சிகரங்கள் குலுங்குவதையும், அவற்றின் சரிவுகளிலிருந்து புழுதியும் பனியும் புகைபோல் எழும்புவதையும் கண்டு செய்வதறியாது நின்றார். சற்றுப் பொறுத்து, சுமார் 900 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் பாறை அப்படியே பெயர்ந்து விரிகுடாவின் நீரில் விழுந்தது.

விழுந்த வேகத்தில் எதிர்க்கரை மலைமீது பாய்ந்தேறிய நீர், 524 மீட்டர் உயரம்வரை மரங்களை வேரோடு பறித்துக்கொண்டு இறங்கியது. எஞ்சிய அலை விரிகுடாவின் வாயை நோக்கி வந்தது. நங்கூரத்தை மேலே இழுக்க முடியாத தகப்பனார், சங்கிலி முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, படகின் முகத்தை அலைக்கு நேரே திருப்பி, மகனுக்கு மிதவைச் சட்டையை மாட்டினார். சங்கிலி அறுந்தது. படகு அலையின் உச்சியில் ஏறிக் கரையோர மரங்களுக்கு மேலாகச் சென்று, பின்வாங்கிய நீரோடு மறுபடியும் விரிகுடாவுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இரண்டாவது படகை அலை தூக்கி, விரிகுடாவின் வாயில் உள்ள மணல்திட்டுக்கு அப்பால் திறந்த சமுத்திரத்தில் எறிந்தது. அதிலிருந்த தம்பதிகள் ஒரு சிறு தோணியில் ஏறிப் பிழைத்தார்கள். மூன்றாவது படகையும் அதிலிருந்த தம்பதிகளையும் பிறகு யாரும் காணவில்லை.

பனிச்சுவர் நின்ற இடம்

அந்த மலையைக் குலுக்கியது ஃபேர்வெதர் பிளவு. பசிபிக் தட்டு வட அமெரிக்கத் தட்டை உரசிக்கொண்டு வடமேற்கே நகரும் எல்லைக்கோடு அது. அன்று அதன் இரு கரைகளும் சில இடங்களில் 6 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகின. பூகம்பத்தின் அளவு 7.8. இவ்வளவு சுறுசுறுப்பான பிளவில் என்றேனும் ஒரு நாள் பூகம்பம் நிகழ்ந்தே தீரும் என்பதால், காரணத்தை வேறெங்கும் தேடவேண்டிய அவசியமே எழவில்லை என்று நெடுங்காலம் எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

ஆயினும் அந்த மலைத்தொடரின் மறுபுறத்தில் உள்ள கிளேசியர் விரிகுடாவின் சரித்திரம் இதோடு பிணைந்திருக்கிறது. 1794-இல் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் அந்தப் பக்கம் சென்றபோது, அங்கே விரிகுடா என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை; வாயிலிலேயே ஒரு பனிச்சுவர் வழிமறித்து நின்றது. 1879-இல் இயற்கை அறிஞர் ஜான் மியூர் தோணியில் சென்றபோது, பனி 60 கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தது. இன்று பனியின் முகத்தைக் காண வேண்டுமானால், சுமார் 100 கிலோமீட்டர் நீர்வழியில் பிரயாணம் செய்ய வேண்டும். சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டர் தடிப்பிருந்த பனி, ஏழெட்டுத் தலைமுறைகளுக்குள் கரைந்து கடலோடு கலந்துவிட்டது. பாரம் நீங்கிய நிலமோ ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் வீதம் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. விரிகுடாவின் வாயிலில் உள்ள கஸ்டேவஸ் என்ற சிற்றூரில், முன்பு அலையடித்த இடம் இன்று புல்வெளி. அதில் ஒரு பகுதியைக் கோல்ஃப் மைதானமாகவே ஆக்கிவிட்டார்கள்! உலகமெல்லாம் கடற்கரை கரைந்துபோகிறதே என்று புலம்பும் காலத்தில், கடல் பின்வாங்கிச் செல்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் விசித்திரமான ஜனங்கள் அவர்கள்.

கிறிஸ் ரோலின்ஸ், ஜெஃப்ரி ஃப்ரைமுல்லர், ஜீன் சாபர் ஆகிய மூவரும் சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அந்தப் பிரதேசம் இழந்த பனியின் அளவையும், அதனால் பாறைகளில் விளைந்த அழுத்த மாற்றத்தையும் பிளவு பிளவாக ஆராய்ந்தபோது, 1958-இல் முறிந்த இடங்கள் முறிவுக்கு நெருங்கிவரும்படியே அந்த மாற்றம் அமைந்திருந்தது தெரிந்தது. 1920-க்குப் பிறகு அங்கே நிகழ்ந்த, 5-க்கு மேற்பட்ட அளவுள்ள பூகம்பங்களில் பெரும்பாலானவையும் அவ்வாறு அழுத்தம் ஏறிய பகுதிகளிலேயே நிகழ்ந்திருந்தன.

இந்த முடிவைக் கேள்விப்பட்டதும், பனி உருகியதே லிட்டூயா நாசத்துக்குக் காரணம் என்று தலைப்பிட்டுவிடப் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. அது அளவுமீறிய கூற்று. தட்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்துவைத்த விசையோடு ஒப்பிட்டால், பனி நீங்கியதால் கூடிய பங்கு அற்பமானதே. எப்படியும் வரவிருந்த பூகம்பம் சற்று முன்னதாக வந்திருக்கலாம் என்பதற்கு மேல் இந்த ஆராய்ச்சி எதையும் நிறுவவில்லை. ஆனால், ஒரு கரையோர ஊருக்கு 'முன்னதாக' என்ற அந்த ஒன்றே போதுமான விஷயம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அமுக்குவதும் விடுவதும்

ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டி, தனக்கு அடியிலுள்ள பாறையின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 900 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றுகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த பனிப்படலத்தின் தடிப்போ, நடுவிடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பூமியின் மேலோடு அந்தப் பாரத்தில் கீழே வளைகிறது. அதற்கும் அடியிலுள்ள கவசப் பகுதி, பாறையேயானாலும், யுகக் கணக்கில் பார்க்கையில் கெட்டியான பாகுபோல் ஒழுகக் கூடியதாதலால், மெல்ல நாலாபக்கமும் விலகி இடம் கொடுக்கிறது. பனி போன பிறகு மறுபடியும் அது திரும்பி வந்து நிரம்பவேண்டும். ஒருவர் வெகுநேரம் படுத்தெழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை, அவர் எழுந்த கணமே நிமிராமல் நின்று நிதானித்து நிமிர்வதைப் போலத்தான் இதுவும்.

பூகம்பத்தின் சூட்சுமம் இந்தத் தாமதத்தில் இருக்கிறது. பனி மேலே இருக்கும்வரை, அதன் செங்குத்தான பாரம் பிளவின் இரு முகங்களையும் நெருக்கிப் பிடித்து, வழுக்கவிடாமல் தடுக்கிறது. கிரீன்லாந்தின் உட்பகுதியிலும் அண்டார்டிகாவிலும் பூகம்பங்கள் ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு, அமெரிக்க விஞ்ஞானி ஆர்ச் ஜான்ஸ்டன் 1987-இல் கூறிய விடையும் இதுவே. ஆனால் பிடித்துவைத்திருக்கும் காலத்திலும் கண்டங்களின் தள்ளுவிசை ஓய்வதில்லை. மேலோடு வளைந்ததனால் உண்டான பக்கவாட்டு நெருக்கமும் அதனோடு கூடிக்கொள்கிறது. பனி கரைந்ததும் மேலிருந்த பாரம் உடனடியாக நீங்கிவிட, பக்கவாட்டு நெருக்கமோ, அடியிலுள்ள கவசம் சாவதானமாகத் திரும்பிவரும்வரை நீங்காமல் நிற்கிறது. மேலே பிடிப்பில்லை, பக்கத்திலோ நெருக்கம் தணியவில்லை. அந்த இடைக்காலத்தில்தான் பிளவு முறிந்து, ஒரு பக்கத்துப் பாறை மற்றப் பக்கத்தின்மீது ஏறிக்கொள்கிறது. உருகிய நீர் பாறை இடுக்குகளில் புகுந்து உள்ளிருந்து அழுத்துவதும் இதற்குத் துணை செய்கிறது.

அந்த இடைக்காலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதே இந்தக் கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. அலாஸ்காவின் அடியில் கவசம் சூடாகவும் இளகியும் இருப்பதால், நூறு இருநூறு ஆண்டுகளிலேயே பூமி பதில் சொல்கிறது. ஸ்காண்டிநேவியாவின் அடியிலோ அது குளிர்ந்து இறுகியிருப்பதால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் போன பனிக்கு இன்றும் பதில் வந்துகொண்டிருக்கிறது. 1731-இல் சுவீடனின் விஞ்ஞானி ஆண்டர்ஸ் செல்சியஸ், வெப்பமானியோடு நாம் நினைவுகூரும் அவரேதான், லவ்கிரண்ட் என்ற தீவில் ஒரு பாறையில் நீர்மட்டத்தைச் செதுக்கிவைத்து, கடல் வற்றுகிறது என்று எண்ணினார். கடல் இருந்த இடத்தில் இருக்கிறது, நிலம்தான் எழும்புகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. பழைய பனியின் பாரமே நிலத்தை அமுக்கி வைத்திருந்தது என்ற கருத்தை ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் ஜேமிசன் 1865-இல் வெளியிட்டார்.

> பெட்டிச் செய்தி: எழும்பும் நிலங்கள்
>
> பாத்னியா வளைகுடாவின் கரை (சுவீடன், பின்லாந்து): ஆண்டுக்கு சுமார் 9 மில்லிமீட்டர். சுவீடனின் 'உயர்ந்த கரை'ப் பகுதியில் பழைய கடல் விளிம்பின் அடையாளம் இன்று 285 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.
>
> ஹட்சன் விரிகுடா (கனடா): ஆண்டுக்கு சுமார் 1 சென்டிமீட்டர்.
>
> தென்கிழக்கு அலாஸ்கா: சுமார் 3 சென்டிமீட்டர்.
>
> அமுண்ட்சன் கடலோரம் (மேற்கு அண்டார்டிகா): சுமார் 4 சென்டிமீட்டர். இவ்வளவு வேகமாக எழும்பும் தரை, பனியின் அடிப்பாகத்துக்கு முட்டுக்கொடுத்து, அதன் சரிவைச் சற்றுத் தாமதப்படுத்தவும் கூடும்.

லாப்லாந்தின் அலை

சுவீடனின் வடகோடியிலுள்ள லாப்லாந்தில், கிருணா என்ற இரும்புச் சுரங்க நகருக்கு மேற்கே, மரமற்ற மேட்டுநிலத்தில் கலைமான்களை மேய்க்கும் சாமி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கமான ஒரு நீண்ட வரப்பு உண்டு. பெர்வி என்பது அதன் பெயர். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தரையில் ஓர் அலை எழும்பி உறைந்ததுபோல் தோன்றும். அருகே சென்றால், ஒரு பக்கத்துத் தரை மறுபக்கத்தைவிட ஓர் ஆள் உயரத்துக்கோ, சில இடங்களில் மாடிவீட்டு உயரத்துக்கோ மேலெழுந்து நிற்பதும், அந்த விளிம்பில் உடைந்த பாறைகள் ஒன்றன்மேலொன்று சரிந்து கிடப்பதும், தாழ்ந்த பக்கத்தில் நீர் தேங்கிச் சதுப்பாகியிருப்பதும் புலப்படும். இவ்வாறு ஏறத்தாழ 155 கிலோமீட்டர்!

1970-களில்தான் விஞ்ஞானிகள் இதன் வயதைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் மிகச் சாமர்த்தியமான வழியில். பனி பின்வாங்கிய காலத்தில் அதன் ஓரமாக ஓடிய உருகுநீர் அறுத்த கால்வாய்கள் இன்னும் அந்த மேட்டுநிலத்தில் தெளிவாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பெர்வி வரப்பு குறுக்கே வெட்டியிருக்கிறது. வேறு சில கால்வாய்கள் வரப்பையே அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன. எனவே, முதல் வகைக் கால்வாய்கள் உண்டான பிறகும், இரண்டாம் வகை உண்டாவதற்கு முன்பும், அதாவது பனி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொண்டிருந்த அதே சமயத்தில், நிலம் முறிந்திருக்கவேண்டும். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அந்தப் பூகம்பம், நீளத்தையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால், 8-ஐ ஒட்டிய அளவுடையதாக இருந்திருக்கவேண்டும் என்று மதிக்கிறார்கள். கண்டத்தட்டுகளின் எல்லை எதுவும் அருகில் இல்லாத, நம் காலத்தில் பெரிய பூகம்பமே கேட்டறியாத ஒரு தேசத்தில் நிகழ்ந்தது இது. இதேபோன்ற வரப்புகள் நார்வேயிலும் பின்லாந்திலும் உள்ளன. ஆகாய விமானத்திலிருந்து ஒளிக்கற்றை பாய்ச்சி, காட்டின் அடியிலுள்ள தரையை அளக்கும் முறை வந்தபிறகு, மரங்களுக்குள் ஒளிந்திருந்த மேலும் பல வரப்புகள் வெளிப்பட்டன. வட சுவீடனில் இன்று பதிவாகும் சிறு அதிர்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பழைய வரப்புகளை ஒட்டியே நிகழ்கின்றன.

கடலுக்கு அடியில்

தரையில் முறிவதோடு காரியம் நின்றுவிட்டால் அவ்வளவு கவலையில்லை. ஜனசஞ்சாரமற்ற பிரதேசங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகள் அரைத்துத் தள்ளிய வண்டல், கடலுக்கு அடியில் கண்டத்தின் விளிம்பில் குவிந்து கிடக்கிறது. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு வெளியே ஸ்டோரெக்கா என்ற இடத்தில் அந்தக் குவியல் ஏறத்தாழ 3,000 கன கிலோமீட்டர் அளவில் சரிந்து விழுந்தது. அதைத் தட்டிவிட்டது, எழும்பிக்கொண்டிருந்த நிலத்தின் பூகம்பமாக இருக்கலாம் என்பது பலருடைய அபிப்பிராயம். எழுந்த ஆழிப்பேரலை ஷெட்லாந்துத் தீவுகளில் 20 மீட்டருக்கு மேல் ஏறி மணலைப் படியவிட்டது. நார்வேக் கரையில் அந்த மணலுக்குள் புதைந்த பாசித்தண்டுகள் இன்னும் பச்சைநிறம் மாறாமல் கிடைக்கின்றன; அவற்றின் நுனியில் அந்த ஆண்டின் வளர்ச்சி எவ்வளவு என்று பார்த்து, அலை வந்தது இலையுதிர்காலத்தின் கடைசியில் என்றே சொல்லிவிட்டார்கள். குளிர்காலத்துக்குச் சேமித்த உணவோடு கடலோரக் குடில்களுக்கு மக்கள் திரும்பியிருக்கக்கூடிய பருவம் அது.

1929 நவம்பர் 18-ஆம் தேதி நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் கடலடியில் நிகழ்ந்த 7.2 அளவுள்ள பூகம்பமும் இந்த ரகத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். வண்டல் சரிந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த தந்திக் கம்பிகளில் பன்னிரண்டு அறுந்தன. அலையில் 28 பேர் மாண்டார்கள். அன்று அறுந்தது தந்தி. இன்று கண்டங்களுக்கிடையிலான இணையத் தொடர்பில் பெரும்பகுதி கடலடியில்தான் ஓடுகிறது.

கிரீன்லாந்து இப்போது ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியையும், அண்டார்டிகா சுமார் 15,000 கோடி டன் பனியையும் இழந்துவருவதாகச் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. ஆயினும் நாளைக்கே அங்கெல்லாம் பூமி பிளக்கும் என்று பீதி கிளப்புவது பொறுப்பற்ற காரியம். அங்கே இன்னும் பெரும்பகுதிப் பனி இருந்த இடத்திலேயே இருந்து, பிளவுகளை அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஓரங்களில்தான் விஷயம் வேறு. தென் கிரீன்லாந்தின் கரையோரத்தில், சுமார் 10,600 ஆண்டுகளுக்கு முன் பனி விலகிய சமயத்தில் பெரிய பூகம்பம் நிகழ்ந்து ஆழிப்பேரலை எழுந்திருக்கலாம் என்று ரெபேக்கா ஸ்டெஃபன் தலைமையிலான குழு 2020-இல் கணித்திருக்கிறது.

பிளவுகள் காத்திருக்கலாம், மலைச்சரிவுகள் காத்திருப்பதில்லை. பனியாறு ஒரு பள்ளத்தாக்கை நிரப்பி நிற்கும்போது, இருபுறத்துச் செங்குத்துப் பாறைகளுக்கும் அதுவே முட்டாக இருக்கிறது. முட்டு போனபின், லிட்டூயாவில் நிகழ்ந்தது போன்ற சரிவுக்குப் பூகம்பம்கூட அவசியமில்லை. 2015 அக்டோபர் 17-இல் அலாஸ்காவின் டான் கடற்கழியில், பனியாறு பின்வாங்கிய இடத்திலேயே மலை சரிந்து, அலை 193 மீட்டர் ஏறியது. மனிதர் யாரும் இல்லாததால் அதை முதலில் அறிந்தவை தூரத்து அதிர்வுமானிகளே. 2020-இல் பாரி ஆர்ம் என்ற கடற்கழியில் அதைவிடப் பெரிய சரிவு ஒன்று மெல்ல நகர்ந்துவருவதைக் கண்டு, விட்டியர் துறைமுகத்து மக்களுக்கும் படகோட்டிகளுக்கும் எச்சரிக்கை விடுத்தார்கள். கோடைதோறும் அந்தப் பனியாறுகளைக் காட்டவென்றே உல்லாசக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் குறுகிய நீர்வழிகளுக்குள் புகுகின்றன என்பதை எண்ணும்போது, அபாயம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

> பெட்டிச் செய்தி: ஒன்பது நாள் ஒலித்த பூமி
>
> 2023 செப்டம்பர் 16-இல் கிழக்கு கிரீன்லாந்தின் டிக்சன் கடற்கழியில் சுமார் 2.5 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்து விழுந்து, 200 மீட்டர் உயர அலை எழுந்தது. பனியாறு மெலிந்து முட்டு இழந்ததே காரணம். குறுகிய கழியில் அகப்பட்ட நீர் 90 விநாடிக்கொரு முறை அப்படியும் இப்படியும் ஆட, அந்த ஆட்டத்தை உலகெங்குமுள்ள அதிர்வுமானிகள் ஒன்பது நாள் பதிவு செய்தன. காரணம் புரிய ஓராண்டு பிடித்தது. பதினைந்து தேசங்களைச் சேர்ந்த 68 விஞ்ஞானிகள் சேர்ந்து விடை எழுதினார்கள்.

> பெட்டிச் செய்தி: பாரமும் நம் பக்கத்துப் பூகம்பங்களும்
>
> மேலேயுள்ள பாரம் மாறினால் பிளவு உணர்கிறது என்பதற்குப் பனிதான் வேண்டுமென்பதில்லை. நேபாளத்தில் சிறு நிலநடுக்கங்கள் கோடையைவிடக் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. மழைக்காலத்தில் கங்கைச் சமவெளியில் தேங்கும் நீரின் பாரமும் பின்பு அது வடிவதும் இதற்குக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில் நிகழ்ந்த 6.3 அளவுள்ள பூகம்பம், நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்டவற்றுள் உலகப் பிரசித்தி பெற்றது.

ஒரு லட்சம் ஆண்டுக் கணக்கு

இந்த விஞ்ஞானத்துக்கு மிகுந்த காசு செலவழித்தவர்கள், வியப்பாயிருந்தாலும், அணுமின் நிலையக்காரர்கள். எரிந்து தீர்ந்த யுரேனியத்தை ஒரு லட்சம் ஆண்டு மனிதர்களுக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்பதற்காகப் பின்லாந்தில் ஓல்கிலோட்டோ தீவின் அடியில், 400 மீட்டருக்கும் கீழே, ஓங்கலோ என்ற சுரங்கத்தைக் குடைந்திருக்கிறார்கள். சுவீடன் அரசு ஃபோர்ஸ்மார்க்கில் அதேபோன்ற ஒன்றுக்கு 2022-இல் அனுமதி வழங்கியது. ஒரு லட்சம் ஆண்டு என்றால், இயற்கையின் பழைய கிரமப்படி அந்தப் பாறையின்மேல் மறுபடியும் பனிப்படலம் ஏறி, மறுபடியும் இறங்கக்கூடிய காலம். அவ்வாறு இறங்கும்போது ஒரு புதிய பெர்வி முறிந்தால், கீழே யுரேனியத்தை அடைத்து வைத்திருக்கும் கலங்கள் என்னவாகும்?

நம் தேசங்களில் அடுத்த மழையைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் பாலம் கட்டும் வழக்கத்தை நினைத்துக்கொண்டு படித்தால், இந்தக் கேள்வியைக் கேட்டதே ஒரு பெரிய காரியமாகத் தோன்றுகிறது. அவர்கள் விடையும் தேடியிருக்கிறார்கள். 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள செம்பு உறைக்குள் இரும்பு வார்ப்பு. அதைச் சுற்றி, நீர் பட்டால் உப்பி இடைவெளியை அடைக்கும் பென்டொனைட் களிமண். இந்த அமைப்பு, பாறை குறுக்கே 5 சென்டிமீட்டர் நழுவினாலும் கலம் உடையாமல் தாங்கவேண்டும் என்பது நிபந்தனை. பெரிய பிளவு தூரத்தில் முறிந்தாலும், அதன் அதிர்ச்சியில் அருகிலுள்ள வெடிப்புகள் நழுவும். வெடிப்பு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு நழுவலும் அதிகம். ஆகையால் சுரங்கத்துக்குள் நில ஆராய்ச்சியாளர்கள் சுவரில் தெரியும் வெடிப்பு ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போகிறார்கள். தரையிலிருந்து சுவரேறி, விதானத்தைக் கடந்து, மறுசுவர் வழியே தரைக்கு இறங்கி முழுச்சுற்றாக ஓடும் வெடிப்பைக் கண்டால், அது நீண்ட வெடிப்பின் லட்சணம் என்று கொண்டு, அது ஊடுருவும் குழியில் கலம் வைப்பதில்லை. அந்தக் குழியைக் கைவிட்டு, தள்ளி வேறு இடம் பார்க்கிறார்கள்.